திருமறைத் தமிழின் இரு நடைகள்

சிங்கப்பூரின் வட எல்லையில், 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஜொகூர் இணைப்புப் பாலத்தின் தென்முனையில் அமைந்த நகர் உட்லண்ட்ஸ். அந்நகரின் அடுக்குமாடி வீடு ஒன்றை மனத்தில் அமைத்துக் காணலாம். கூடத்து அலமாரியில் கிறித்தவத் திருமறையின் படிகள் இரண்டு உள்ளன. கறுப்பு அட்டையிட்ட ‘பரிசுத்த வேதாகமம்’ பாட்டியுடையது. திருநெல்வேலியிலிருந்து அவருடன் வந்தது. ‘திருவிவிலியம்’ கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்த மருமகள் கொணர்ந்தது. பள்ளியில் தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் பேரன் பாட்டியின் நூலைப் படித்தால், “புரியவில்லையே, பாட்டி!” என்கிறான். அன்னையின் நூலிலிருந்து அதே பகுதியை உரக்கப் படித்தாலோ, “புரிகிறது, ஐயா, ஆனால் வேதம் படித்த மாதிரி இல்லையே!” என்கிறார் பாட்டி.

இருவர் கூற்றும் மெய்யே. தொன்மையான மறைநூலை இக்கால மொழியில் எடுத்துரைக்கும் முயற்சி குறித்து எழுந்த வாதங்கள் யாவும் இவ்விரு கூற்றுகளுள் அடங்கிவிடும். தமிழில் இவ்வாதம் பெரும்பாலும் வடசொல்லா தென்சொல்லா என்னும் ஒரே வினாவைச் சுற்றியே சுழன்று வந்துள்ளது. அவ்வினா தேவையானதே, எனினும் அது மட்டும் போதுமா? சொல்லின் பிறப்பைக் காட்டிலும், அச்சொல் இன்று யாருக்கு என்ன பொருள் தருகிறது, மாந்தரிடையே என்ன உறவை நிறுவுகிறது, காதில் எவ்வாறு விழுகிறது என்பனவே மொழிபெயர்ப்பின் தரத்தை உறுதி செய்கின்றன. இவ்வளவைகளைக் கொண்டு இரு நூல்களையும் ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும்.

மூலத்தின் மொழி

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது. ஆனால் அது பிளேட்டோவின் கிரேக்கமும் அன்று, நாடகப் பெரும்புலவர்களின் கிரேக்கமும் அன்று. இவ்வேறுபாட்டைக் கண்ட அறிஞர் சிலர், இறைமொழிக்கெனத் தனியே அமைந்த கிரேக்கம் அது என்று நெடுங்காலம் கருதினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்திய மணலுள் புதைந்து கிடந்த பாப்பிரசுச் சுவடிகள் ஏராளமாக வெளிப்பட்டன. கடைக் கணக்குகள், ஒப்பந்தங்கள், மகன் தாய்க்கு எழுதிய மடல்கள் ஆகியவற்றில் புதிய ஏற்பாட்டின் சொற்களும் தொடர்களும் விரவிக் கிடந்தன. செருமானிய அறிஞர் அடால்ஃபு டைஸ்மன் இவற்றை ஆராய்ந்து, அந்நூலின் மொழி அன்றைய பொதுமக்களின் வழக்கு மொழியே என நிறுவினார்.

எனவே, எளிய மொழியில் மறையைத் தருவது அதன் பெருமையைக் குறைக்கும் என்னும் அச்சத்திற்கு மூலத்தில் ஆதாரமில்லை. 1522இல் புதிய ஏற்பாட்டைச் செருமானிய மொழியில் தந்த மார்ட்டின் லூதர், வீட்டுத் தாயும் தெருவில் ஆடும் சிறுவரும் சந்தைக்கு வரும் எளியோரும் பேசும் வாய்மொழியைக் கவனித்தே மொழிபெயர்க்க வேண்டும் என்று பின்னர் விளக்கியதும் இக்கருத்துப் பற்றியே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மூலம் முழுவதும் ஒரே நடையினதன்று. மாற்கின் நடை எளிமையானது. ‘உம்’ என்று அடுக்கி அடுக்கிக் கதை சொல்வது. லூக்காவின் நடை கல்விப் பயிற்சியைக் காட்டுவது. எபிரேயருக்கு எழுதப்பெற்ற மடல் சொல்வன்மை மிக்கது. தமிழ் மொழிபெயர்ப்புகளுள் பழையதாயினும் புதியதாயினும் இவ்வேறுபாட்டைச் செம்மையாகக் காட்டுவது அரிது. மீனவரும் ஆளுநரும் ஒரே தமிழில் பேசுகின்றனர். இக்குறை இரு நூல்களுக்கும் பொதுவானது.

ஒவ்வொன்றும் தன் காலத்தில் புதியதே

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1715இல் அதன் அச்சுப்பணி நிறைவுற்றது. பழைய ஏற்பாட்டில் அவர் விட்டுச்சென்ற பகுதியைப் பெஞ்சமின் சூல்சு முடித்தார். பின்னர் வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியசு பல்லாண்டுகள் உழைத்துப் புதியதொரு மொழிபெயர்ப்பை ஆக்கினார். லுத்தரன் திருச்சபையார் அதனைப் பொன்னெனப் போற்றினர்.

பாளையங்கோட்டையில் வாழ்ந்த இரேனியசு, 1827இல் திருமறை மொழிபெயர்ப்பின் நெறிகள் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். சொல்லுக்குச் சொல் வைப்பதினும், தமிழர் இயல்பாகப் பொருள் கொள்ளுமாறு தமிழ் மரபில் அமைப்பதே முறை என்பது அவர் கொள்கை. 1833இல் அவரது புதிய ஏற்பாடு வெளிவந்தது; மூலத்தினின்று விலகிச் செல்கிறது என்னும் குறைகூறலையும் பெற்றது. அமெரிக்க மொழியறிஞர் யூஜின் நைடா 1964இல் வெளியிட்ட நூலின் வழியாக உலகெங்கும் பரவிய ‘பொருள் நிகர்மை’க் கொள்கையின் சாயல், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே தாமிரவருணிக் கரையில் பேசப்பெற்றது என்பது தமிழ் மாணவர் அறிந்து கொள்ளத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல், தம்மிடம் ஆசிரியராக இருந்த ஆறுமுக நாவலரின் துணையுடன் ஆக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளியாயிற்று. சைவப் பெரியார் ஒருவர் கிறித்தவ மறைக்குத் தமிழ் வடிவம் தர உழைத்தது தமிழ் உரைநடை வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சி. எனினும் அந்நூல் தமிழகத் திருச்சபைகளில் நிலைபெறவில்லை. ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவினர் 1871இல் நிறைவு செய்த மொழிபெயர்ப்பே சீர்திருத்தத் திருச்சபைகளில் வேரூன்றியது. பாட்டியின் கையிலுள்ள கறுப்பு அட்டை நூல் பெரும்பாலும் அதுவே. லார்சனும் துரைசாமியும் திருத்திய மொழிபெயர்ப்பு 1936இல் வந்தபோதும் மக்கள் பவரை விடவில்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் கூடி ஆக்கிய ‘திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு’ 1995இல் வெளிவந்தது. இன்றும் கத்தோலிக்கத் திருவழிபாட்டில் பொது மொழிபெயர்ப்பும், சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரும்பாலும் பவர் மொழிபெயர்ப்புமே வழங்குகின்றன.

இவ்வரலாற்றை யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967இல் தனி நூலாகவே எழுதியுள்ளார். அதனின்று பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு. பழையது என்று இன்று போற்றப்படுவதும் ஒருகால் புதுமையாய் வந்து எதிர்ப்பைச் சந்தித்ததே. இறைவனைக் குறிக்கும் சொல் ஒன்றே இதற்குச் சான்று. சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பப்ரிசியசு ‘பராபரன்’ என்றார். பவர் குழுவினர் ‘தேவன்’ என்றனர். பொது மொழிபெயர்ப்போ ‘கடவுள்’ என்கிறது. ‘பராபரன்’ என்று அழைத்து வணங்கியோர்க்குத் ‘தேவன்’ அந்நியமாக ஒலித்திருக்கும். இன்று அத்‘தேவன்’ விலகும்போது பாட்டி வருந்துகிறார்.

சொல்லின் ஏற்றமும் இழப்பும்

பொது மொழிபெயர்ப்பு செய்த பெருமாற்றம் சொற்களில் உடனே தெரிவது. மறைமலையடிகள் 1916இல் தோற்றுவித்த தனித்தமிழ் இயக்கமும், 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டிற்கு அளித்த இடமும் சேர்ந்து இம்மாற்றத்திற்கு வழிவகுத்தன. ஆதியாகமம் தொடக்கநூல் ஆயிற்று. சங்கீதம் திருப்பாடல் ஆயிற்று. அப்போஸ்தலர் திருத்தூதர் ஆயினர்.

இவற்றுள் பல தெளிவான ஏற்றங்கள். ‘சுவிசேஷம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ‘விசேஷம்’ என்பதற்குச் செய்தி என்னும் பொருளும் உண்டு, “ஊரில் என்ன விசேஷம்?” என்று வினவும் வழக்கில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. எனவே ‘சுவிசேஷம்’ நல்ல செய்தி என்றே ஒருகால் விளங்கியிருக்கும். காலப்போக்கில் அது ஒரு சமயக் குழூஉக்குறியாகிப் பொருள் மங்கிற்று. ‘நற்செய்தி’ அம்மங்கலைத் துடைத்து, கிரேக்க மூலச்சொல்லின் பொருளை மீண்டும் ஒளிரச் செய்கிறது.

‘இரட்சிப்பு’ என்பதற்கு ஈடாக வந்த ‘மீட்பு’ம் அத்தகையதே. காத்தல் என்னும் பொருளுடையது வடசொல். ‘மீட்பு’ என்றவுடன் சிராங்கூன் சாலை அடகுக்கடையில் வைத்த தாலிக்கொடியைப் பணம் கட்டித் திரும்பப் பெறும் காட்சி தமிழர் மனத்தில் எழும். விலை கொடுத்து விடுவித்தல் என்னும் கருத்து மூலத்தில் பல இடங்களில் அமைந்திருத்தலின், இச்சொல் பொருளைச் சுருக்காமல் ஆழப்படுத்துகிறது.

ஆனால் எல்லா மாற்றங்களும் இவ்வாறு தீங்கின்றி முடிவதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தில் நிலைத்திருக்கும் மூன்று பண்புகள் கூறப்படுகின்றன. பவர் மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. இங்கே ‘நம்பிக்கை’ இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்திற்குப் பெயர்ந்துவிட்டதைக் காணலாம். ‘விசுவாசம்’ பொதுவழக்கில் நன்றி மறவாமை என்னும் பொருளில் சுருங்கிவிட்டதால், அதனை நீக்கியதற்குக் காரணம் உண்டு. எனினும் விளைவு என்ன? உட்லண்ட்ஸ் வீட்டில் பாட்டியும் பேரனும் ‘நம்பிக்கை’ என்று ஒரே சொல்லைச் சொல்கின்றனர். பாட்டி வரவிருக்கும் நன்மையை எதிர்பார்ப்பதைக் கருதுகிறார். பேரன் இறைவன்பால் கொள்ளும் பற்றுறுதியைக் கருதுகிறான். புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்டுத் தெளியலாம். புரிந்ததாகத் தோன்றும் சொல் இருவேறு பொருள் தரும்போது, அவ்வேறுபாடு இருப்பதே தெரியாமல் போகும். புதுச்சொல் ஆக்குவோர் பெரிதும் அஞ்ச வேண்டிய இடம் இது.

புதுமையும் எளிமையும் ஒன்றல்ல

புதிய மொழிபெயர்ப்பே எளியது, பழையதே கடியது என்னும் பொதுக்கருத்தையும் ஆராயாமல் ஏற்றல் இயலாது. திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமை மத்தேயு நூலின் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. மூலத்தில் நாட்கூலியாகக் கூறப்படுவது உரோமானிய வெள்ளிக்காசு. பொது மொழிபெயர்ப்பு அதனைத் ‘தெனாரியம்’ என்றே தருகிறது. பவர் மொழிபெயர்ப்போ ஒரு ‘பணம்’ என்கிறது.

‘பணம்’ என்பது இங்கே செல்வத்தைக் குறிக்கும் பொதுச்சொல் அன்று. தென்னாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை புழங்கிய சிறு நாணயத்தின் பெயர். அந்நாளைய வயற்கூலிக்கு அது கையில் வைத்துப் பார்த்த காசு. இவ்விடத்தில் உழவனின் தமிழைத் தேர்ந்தவர் பழைய மொழிபெயர்ப்பாளர். அடிக்குறிப்பு வேண்டும் சொல்லைத் தேர்ந்தவர் புதிய மொழிபெயர்ப்பாளர். வரலாற்று நுட்பத்தைக் காக்கும் நோக்கம் பின்னதற்கு உண்டு. ஆயின், காலை முதல் உழைத்தவனும் மாலையில் வந்தவனும் ஒரே கூலி பெற்றனர் என்பதன் வியப்பு, அக்கூலியின் அளவை உணர்ந்தவனுக்கே உறைக்கும். ‘தெனாரியம்’ என்று படிக்கும் மாணவன் அஃது ஒருநாள் கூலி என்பதை வேறிடத்தில் தேடி அறிய வேண்டியுள்ளது.

மரியாதை வழக்கு

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குக் கிரேக்கம் எழுப்பாத சில வினாக்களைத் தமிழ் இலக்கணமே எழுப்புகிறது. கிரேக்க வினைமுற்று ஒருவரை உயர்த்துவதும் இல்லை, தாழ்த்துவதும் இல்லை. தமிழிலோ ‘வந்தாள்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா என முடிவு செய்யாமல் ஒரு தொடரையும் முடிக்க இயலாது.

யோவான் நூலின் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண் கிணற்றடிக்கு நீர் மொள்ள வருகிறாள். பவர் மொழிபெயர்ப்பில் அவள் ‘வந்தாள்’. பொது மொழிபெயர்ப்பில் அவர் ‘வந்தார்’. ஒரே எழுத்தின் வேறுபாடு. ஆனால் அவ்வெழுத்தில் ஒரு நூற்றாண்டின் சமூக வரலாறே அடங்கியுள்ளது எனலாம். யூதர் தீண்டத் தயங்கிய இனத்தவர், பெண், ஊராரால் இகழப்பட்டவர் ஆகிய ஒருவரிடம் இயேசு தாமே முன்வந்து நீர் கேட்கிறார் என்பதே அந்நிகழ்ச்சியின் உயிர்நிலை. அப்பெண்ணுக்கு ‘ஆர்’ விகுதி தந்ததனால், இயேசு அளித்த மதிப்பை மொழிபெயர்ப்பாளரும் அளித்தவர் ஆகின்றனர். ‘வந்தாள்’ என்பதற்கும் சார்பாகப் பேச இடமுண்டு. ஊரார் அவளை எவ்வாறு கண்டனர் என்பதை அவ்விகுதி காட்டும், அதன்பின் இயேசுவின் பரிவு மேலும் ஒளிரும் என்பர் சிலர். அவ்வாறாயின் இகழ்ச்சி ஊராரின் கூற்றில் அமைதல் வேண்டும். நூலாசிரியரின் கூற்றில் அமைதல் பொருந்தாது. மேலும் பவர் மொழிபெயர்ப்பில் இவ்வொருமை அப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. பேதுருவும் பவுலும்கூட ‘அவன்’ என்றே சுட்டப்படுகின்றனர். ஆகவே அது திட்டமிட்ட நயமன்று, அக்கால நடையின் வழக்கே என்பது தெளிவாகும்.

கானாவூர்த் திருமண நிகழ்ச்சியில் இயேசு தம் தாயை விளிக்கும் சொல்லும் கருதத்தக்கது. மூலத்தில் உள்ளது பெண்ணை விளிக்கும் பொதுச்சொல். கிரேக்க வழக்கில் அதில் அவமதிப்பு இல்லை. பவர் குழுவினர் அதனை ‘ஸ்திரீயே’ என்று சொல்லளவில் பெயர்த்தனர். பெற்ற தாயை எந்தத் தமிழ் மகனும் அவ்வாறு விளியான். பொது மொழிபெயர்ப்பில் ‘அம்மா’ என்று உள்ளது. தாயையும், மதிப்பிற்குரிய பிற பெண்டிரையும் ஒருங்கே குறிக்கும் இத்தமிழ் விளி, மூலத்தின் மதிப்பையும் தமிழரின் இல்லற மரபையும் ஒருங்கே காக்கிறது. பழையதைச் சொல்லுக்குச் சொல் காக்கும் மொழிபெயர்ப்பு பொருளைக் கைவிட நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்னும் வேறுபாடும் தமிழுக்குரியது, கிரேக்கத்தில் இல்லை. புயலில் படகு தத்தளிக்கையில் உறங்கும் இயேசுவை எழுப்பும் சீடர், தாம் மடியப் போவதாகக் கூறுகின்றனர். ‘நாங்கள்’ என்றால் அவர் அழிவிற்கு அப்பாற்பட்டவர் என்று சீடர் ஏற்கெனவே நம்புவதாகப் பொருள்படும். ‘நாம்’ என்றால் அவரும் தம்மோடு மூழ்குவார் என்று அஞ்சுவதாகப் பொருள்படும். மூலம் வாய்திறவாத இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் விளக்கவுரையாளரும் ஆகிவிடுகிறார். இதனை வகுப்பறையில் காட்டும் தமிழாசிரியர், தன்மைப் பன்மை பற்றிய இலக்கணப் பாடத்தை உயிருள்ளதாக்க இயலும்.

புதுமையை விரும்பிய பொது மொழிபெயர்ப்பும் ஒன்றை மாற்றாமல் விட்டது. இறைவனை விளிக்கையில் ‘நீர்’, ‘உமது’ என்பனவற்றை அது காத்துள்ளது. அன்றாடப் பேச்சில் இவை பெரும்பாலும் மறைந்தன. ஆயினும் ‘நீ’ என்பதன் நெருக்கமும் ‘நீங்கள்’ என்பதன் மதிப்பும் ஒன்றாய் இயைந்த சொல் தமிழில் வேறில்லை. பழமை என்பதற்காகவே ஒரு சொல்லைத் தள்ளாமை இங்கே நல்ல தேர்வாகும்.

செவி வழி

திருமறை கண்ணால் படிக்கப்படுவதினும் மிகுதியாகச் செவியால் கேட்கப்படுவது. பவர் மொழிபெயர்ப்பு பெற்ற உறுதிக்கு இதுவே முதற்காரணம். தலைமுறை தலைமுறையாக ஆலயத்திலும் குடும்ப வழிபாட்டிலும் மரண வீட்டிலும் ஒலித்த தொடர்கள் அவை. எழுத்தறியாத முதியோரும் அவற்றை மனப்பாடமாகச் சொல்வர். பாட்டிக்கு ‘இரட்சிப்பு’ வடசொல் அன்று; தம் தாயின் குரல்.

பேரனின் செவியோ வேறு. வீட்டில் பெரிதும் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர், சிங்கப்பூரில் வாழும் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்ததும் இந்நிலையை உணர்ந்தே. இச்சூழலில் வளரும் இளையோர்க்குப் பழைய வடசொற்கள் மட்டுமன்றி, ‘எதிர்நோக்கு’ போன்ற புதிய செந்தமிழ்ச் சொற்களும் பாடநூற் சொற்களே. தனித்தமிழ் தானாகவே எளிய தமிழ் ஆகிவிடாது என்பதை மொழிபெயர்ப்பாளரும் ஆசிரியரும் உணர்தல் வேண்டும்.

இளையோரைப் பெரிதும் இடறச் செய்வது சொல்லன்று, தொடரே. எபேசியருக்கு எழுதிய மடலின் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையுள்ள வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். கிரேக்கம் வினையை முன்னே வைத்துவிட்டு விளக்கங்களைப் பின்னே அடுக்கும். தமிழ் வினையை இறுதியில் வைப்பதால், கேட்பவர் அத்தனை எச்சங்களையும் மனத்தில் சுமந்துகொண்டு முடிவுக்குக் காத்திருக்க நேரும். புதிய மொழிபெயர்ப்புகள் இத்தகைய நெடுந்தொடர்களைச் சிறு வாக்கியங்களாகப் பகுத்துத் தருகின்றன. பேரனுக்குப் ‘புரிகிறது’ என்றால், அதற்குப் புதுச்சொற்களினும் இப்பகுப்பே பெருங்காரணம் ஆகும். ஆனால் பகுக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்று பொங்கி எழும் வாழ்த்தின் வேகம் குறைகிறது. பாட்டி ‘வேதம் போல் இல்லை’ என்பதன் உட்பொருள் இதுவாகலாம்.

நிறைவாக

இரு நூல்களையும் சீர்தூக்கின், மரியாதை வழக்கிலும் தொடர்த் தெளிவிலும் பொது மொழிபெயர்ப்பு முந்தியுள்ளது. செவியில் நிற்கும் ஓசையிலும், நாணயம் போன்ற சில இடங்களில் மண்ணின் மணத்திலும் பவர் மொழிபெயர்ப்பு முந்தியுள்ளது. சொல்லாட்சியில் ஏற்றமும் இழப்பும் கலந்தே உள்ளன. வடசொல் நீங்கியதனாலேயே புதியதைப் பாராட்டுவதும், பழக்கம் ஒன்றையே கொண்டு பழையதைப் போற்றுவதும் திறனாய்வு ஆகா.

இனி வரும் மொழிபெயர்ப்பாளர்க்கு வேண்டுவது மூலப்புலமையும் தமிழ்ப்புலமையும் மட்டுமல்ல. எழுதியதை முதியோர் ஒருவரிடமும் சிறுவன் ஒருவனிடமும் உரக்கப் படித்துக் காட்டும் பொறுமையும் வேண்டும். முன்னவர் முகம் சுளிக்கும் இடத்தில் ஓசையையும், பின்னவன் விழிக்கும் இடத்தில் தொடரையும் திருத்த வேண்டும். அதுவரை, உட்லண்ட்ஸ் வீட்டின் அலமாரியில் இரண்டு நூல்களும் இருக்கட்டும். பேரன் ஒரு வசனத்தைப் புதியதில் படிக்க, பாட்டி அதனையே பழையதிலிருந்து மனப்பாடமாகச் சொல்வாராயின், ‘நம்பிக்கை’ என்னும் சொல்லில் தாம் வேறுபடுவதை இருவரும் அன்று அறிந்துகொள்வர். அதன்பின் அவர்கள் பேசிக்கொள்ளும் தமிழே அம்மறைக்கு அவ்வீட்டில் அமையும் மூன்றாம் மொழிபெயர்ப்பு ஆகும்.